எங்கள் தெருவைப் பூக்க வைத்தவர்களுக்கு

அன்புள்ள எங்கள் தெருவாருக்கும், பக்கத்து ஊர்களிலிருந்து கைகொடுத்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

சித்திரை பிறந்ததிலிருந்து வேதாரண்யத்திலிருந்து ஆறுகாட்டுத்துறைக்குப் போகிறவர்கள் எங்கள் தெரு முனையில் வண்டியை நிறுத்தி, அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். சரக்கொன்றை இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மரம் முழுக்க மஞ்சளாகத் தொங்குகிறது. எதிர்ப்பக்கம் செம்மயிற்கொன்றை. வேலி நெடுக அரளியும் காகிதப்பூவும். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூணைப் பார்த்துவிட்டு வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று எங்கள் வாசலில் நின்று, "இதெல்லாம் யார் வச்சது?" என்று கேட்டது. ஒரு பெயரைச் சொல்லி முடிக்கிற விஷயமா அது? சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போயிற்று. வாயால் சொன்னதை எழுத்திலும் வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததை நம் ஊரில் யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். விடிந்து பார்த்தால் தென்னை, மா, முருங்கை எல்லாம் தரையில் கிடந்தன. விழாமல் தப்பிய மரங்களும் உப்புக் காற்று பட்டு, நெருப்பில் வாட்டி எடுத்ததுபோல் இலை கருகி நின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பச்சை கண்ணில் படவில்லை. வீட்டுக்குக் கூரை வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும், தொழிலுக்குப் படகு வேண்டும் என்று ஊரே அல்லாடிய நேரம். அப்போதும் பூமரத்தை நினைத்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

முதல் நன்றி ஆறுகாட்டுத்துறைத் தம்பிகளுக்கு. உங்கள் படகுகளே உடைந்து கிடந்தன. இருந்தும் எங்கள் வாசல் பூவரசு சாய்ந்து கிடப்பதைப் பார்த்ததும், "பூவரசுக்கு ஒண்ணும் ஆவாது டீச்சர், நிமுத்துனா நின்னுக்கும்" என்று சொல்லி, படகு இழுக்கிற கயிற்றோடு மறுநாளே வந்தீர்கள். கிளையை எல்லாம் கழித்துப் பாரத்தைக் குறைத்தீர்கள். வெட்டுவாயில் சாணத்தை அப்பினீர்கள். வேர்ப்பக்கம் பள்ளத்தை ஆழமாக்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிமிர்த்தி, முட்டுக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். கழித்த கிளைகளையும் வீணாக்கவில்லை. கைப்பருமன் போத்துகளாக நறுக்கித் தெருவோரம் நட்டு வைத்தீர்கள். அந்தப் போத்துகள்தான் இன்றைக்குத் தெருவுக்கு நிழல்.

பூவரசம்பூவை யாரும் சாமிக்கு வைப்பதும் இல்லை, தலைக்கு வைப்பதும் இல்லை. அதனாலேயே அதை நின்று பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால் விட மனம் வராது. காலையில் விரியும்போது இளமஞ்சள். உள்ளே அடியில் கருஞ்சிவப்பாக ஒரு வட்டம். பொழுது ஏற ஏற மஞ்சள் பழுத்து, சாயங்காலம் ஓரமெல்லாம் செம்மை ஏறும். மறுநாள் கீழே கிடக்கும்போது செந்நிறமாகச் சுருண்டிருக்கும். ஒரே மரத்தில் இன்றைய பூ மஞ்சளாகவும் நேற்றைய பூ சிவப்பாகவும் இருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு மரத்தை ஒட்டு வைத்தீர்களா என்று கேட்டவர்களும் உண்டு.

தெருக்கோடிப் புன்னை கஜாவில் பாதிக் கிளையை இழந்தும் விழாமல் நின்ற மரம். அதன் முறிந்த பாகத்தை மட்டும் அறுத்துவிட்டு, "மத்ததை விட்டுடுங்க, இது கடல் மரம்" என்று தடுத்து நின்ற மரமறுக்கிற அண்ணனுக்கு என் வணக்கம். நின்ற மரத்தையும் சேர்த்து விறகாக்கியிருந்தால் அவருக்குக் கூலி கூடுதலாகக் கிடைத்திருக்கும். இந்த வருஷம் அது கொத்துக் கொத்தாகப் பூத்தது. வெள்ளை இதழுக்கு நடுவே பொன்னிறத் தாதுக் குஞ்சம். விடியற்காலையில் மரத்தடிக்குப் போனால் வாசத்துக்கு முன்னால் தேனீக்களின் இரைச்சல் கேட்கும். நெய்தல் நிலத்துக்கு நம் முன்னோர் கொடுத்த மரங்களில் ஒன்று, அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர் நம் தெருவிலேயே இருக்கிறார்.

உப்பளத்தில் வேலை செய்கிற அக்காமார்களுக்கு ஒரு தனி நன்றி. எது இந்த மண்ணில் பிழைக்கும், எது பிழைக்காது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நீங்கள். பாத்தி ஓரத்திலும் வரப்பிலும் தானாக முளைப்பதைத் தினமும் பார்க்கிற கண்கள் உங்களுடையவை. அரளி நிற்கும், நித்தியகல்யாணி நிற்கும், காகிதப்பூ உப்புக் காற்றிலும் சிரிக்கும், ரோஜாவுக்கு ஆசைப்படாதீங்க என்றீர்கள். காலையில் வெயில் ஏறுமுன் இலையில் படிந்த உப்பை நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவிவிடச் சொன்னதும் நீங்கள்தான். அக்னி நட்சத்திர வெயிலில் உப்பு வாரிவிட்டு, கால் வெடிப்போடு வீடு திரும்பும் வழியில் நின்று என் செடியைப் பார்த்து யோசனை சொன்னீர்கள். அந்தப் பொறுமைக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்?

கோடையில் எங்கள் கிணறு உவர் ஏறிவிடும். அப்போது செடிகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலிருந்தும். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் குடத்தில் சேர்த்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய அத்தாச்சிமார்களே, இந்த நந்தியாவட்டையும் செம்பருத்தியும் நீங்கள் வளர்த்த பிள்ளைகள். குடத்தை இடுப்பில் வைத்துத் தளும்பத் தளும்பக் கொண்டுவந்த சிறுசுகளுக்கும் என் அன்பு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகாத அந்த நாட்களில் வருமானம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில்தான் பெரியவர் ஒருவர், வலைகளின் கிழிசலைப் பொத்தி முடித்த பிறகு இனிக் கடலுக்கு உதவாது என்று ஒதுக்கிய வலையைக் கொண்டுவந்து, மூங்கில் நட்டு, கொடிப் பந்தல் கட்டிக் கொடுத்தார். கடையில் வாங்கும் கம்பிப் பந்தல் இந்த ஊர்க் காற்றுக்கு ஒரே வருஷத்தில் துருப்பிடித்துப் பொடியாகிவிடும். வலைக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு பக்கம் சங்குப்பூ, ஒரு பக்கம் முல்லை. பெரியவருக்குப் பணம் கொடுக்கப் போனேன். "கொடி ஏறட்டும், வந்து பார்க்கிறேன்" என்றார். ஏறிவிட்டது ஐயா. தேன்சிட்டு அந்தப் பந்தலைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

முல்லைக்கு நன்றி சொல்ல வேண்டியது கருப்பம்புலத்துக்கு. முல்லைத் தோட்டக்காரர் ஒருவர், அவருடைய கொடிகளையே புயல் புரட்டிப் போட்டிருந்த போதிலும், பிழைத்ததில் பதியன் போட்டு எங்களுக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு விடவில்லை. தை மாதக் கடைசியில் கவாத்து செய்ய வேண்டும் என்று அவரே கத்திரியோடு வந்தார். காய்ந்த குச்சியையும் பழைய கிளையையும் அவர் ஈவிரக்கம் இல்லாமல் வெட்டித் தள்ளியபோது எனக்குப் பதைத்தது. பங்குனியில் துளிர்த்து மொட்டு கட்டியது. இப்போது விடியுமுன்னே விரல்நுனி ஈரமாக மொட்டு பறிக்கிறோம்.

பறித்த மொட்டு சரமாவது கடைத்தெருவில் பூக்கட்டும் அக்காவின் தயவில். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், நாரில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தால் முடிச்சு விழுவது தெரியாது. மத்தியான ஓய்வில் எங்கள் திண்ணைக்கு வந்து தெருப் பெண்பிள்ளைகளுக்கும் இரண்டு பையன்களுக்கும் கட்டக் கற்றுக்கொடுத்தார். எங்கள் அம்மா புயலுக்குப் பிறகு வெளியே வருவதையே விட்டிருந்தவர். இப்போது பிற்பகலில் கொண்டல் காற்று எழுந்ததும் திண்ணைக்கு வந்து உட்கார்ந்து, பிள்ளைகள் கட்டிய சரத்தில் தளர்ந்த முடிச்சைக் கண்டுபிடித்துத் திருத்துகிறார். அக்கா, இது ஒன்றுக்கே உங்களுக்குக் காலமெல்லாம் கடன்பட்டிருக்கிறேன்.

லாரியில் மரக்கன்றுகளோடு வந்த வெளியூர் இளைஞர்களே, நீங்கள் பெயர் சொல்லவில்லை, படம் எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஒரு சாப்பாடு சாப்பிடக்கூட உட்காராமல் அடுத்த ஊருக்குக் கிளம்பினீர்கள். நீங்கள் நட்ட சரக்கொன்றைதான் இப்போது வண்டிகளை நிறுத்த வைக்கிறது. செம்மயிற்கொன்றையின் கிளை காற்றுக்குச் சட்டென்று முறியும், வீட்டிலிருந்து தள்ளி நடுங்கள் என்று சொன்னீர்களே, அப்படியே சாலையோரக் காலிமனையில்தான் நிற்கிறது. என்றாவது இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அன்றைக்குச் சாப்பிடாததையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

தினமும் உதிர்கிற பூவையும் சருகையும் குப்பையோடு கலக்காமல் தனிச் சாக்கில் கட்டி, உரக்குழிக்கென்று எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போகிற நகராட்சித் தூய்மைப் பணியாளர்களுக்கும் நன்றி. இந்த மணலுக்குக் கொஞ்சம் கறுப்பு நிறம் வந்திருப்பது உங்களால்.

கடைசியாக, கடற்கரையைச் சுத்தம் செய்த பிள்ளைகள். நெகிழிப் பைகளையும் பாட்டில்களையும் அள்ளினீர்கள்; அடம்பங்கொடியை மட்டும் தொடவில்லை. களை என்று பிடுங்கச் சொன்ன பெரியவர்களிடம், இந்தக் கொடி போனால் மணல்மேடு காற்றோடு போய்விடும் என்று நின்று பேசினீர்கள். காலையில் கரைக்குப் போனால் ஆட்டுக்குளம்பு மாதிரிப் பிளந்த இலைகளுக்கு நடுவே ஊதாநிறப் பூக்கள் கடலைப் பார்த்து விரிந்திருக்கின்றன. வெயில் ஏறினால் வாடிவிடும், அதனால் பார்க்க வருபவர்கள் எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள்.

இன்னொரு சேதி. ஆனி மாதம் முல்லையிலும் நந்தியாவட்டையிலும் பதியன் போடுகிறேன். ஐப்பசி மழை பிடிக்குமுன் வேர்விட்டிருக்கும். பூவரசம் போத்தும் வேண்டிய அளவு தரலாம். காசு எதுவும் வேண்டாம். எந்தத் தெருவானாலும் சரி, எந்த ஊரானாலும் சரி, வேண்டியவர்கள் ஒரு ஈரச்சாக்கோடு வாருங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
தெருக்கோடி வீட்டு டீச்சர்