கடல் மூடிய மாதத்தில் கட்டணம் கேட்காதீர்கள்

இராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். பாம்பனில் விசைப்படகில் பங்குக்கு, அதாவது மீன் விற்ற பணத்தில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்று, கடலுக்குப் போகும் ஒருவரின் மகள் நான். இந்த மே மாதத்தோடு பட்டப்படிப்பை முடித்துவிட்டேன். அடுத்து என் தம்பி கல்லூரியில் சேரப் போகிறான். எனக்கு நடந்தது அவனுக்கும் நடக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருக இந்தத் தடை வேண்டும். அதில் எங்களுக்கு மறுபேச்சு இல்லை. அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் அரிசிக்கும் மளிகைக்கடை பாக்கிக்கும் சரியாகிவிடும். மற்றதெல்லாம் படகு முதலாளியிடம் வாங்கும் முன்பணம்தான். அந்த நாட்களில் அம்மாவும் கடற்பாசி எடுக்கப் போவதில்லை. தடை முடிந்து படகு கடலுக்குப் போகும் அதே வாரத்தில் கல்லூரி திறக்கிறது. கட்டணத்துக்குக் கடைசி நாளும் அறிவிப்புப் பலகையில் ஏறிவிடுகிறது. டீசலும் ஐஸும் போக வரும் பங்கு முதலில் முன்பணத்தில் கழியும். வீட்டுக்கு முழுப் பங்கு வருவதற்கு ஜூலை பாதியாகிவிடும்.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது அம்மா என்னோடு கட்டணம் கட்ட வந்தார். மரிக்கொழுந்துப் பாசி எடுக்கையில் பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் முங்குகிறவர் அவர். அந்த விரல்களால் நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கவுண்டரில் எண்ணி வைத்தார். 3,000 ரூபாய் குறைந்தது. ஆடி பிறந்ததும் கட்டிவிடுகிறேன் என்றார். முழுத் தொகை இல்லாமல் ரசீது போட முடியாது என்று பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அம்மா அங்கேயே நின்று அதே நோட்டுகளை மறுபடியும் எண்ணினார். அன்று மாலை என் தோடு அடகுக்கடைக்குப் போனது. அதை மீட்கப் பதினான்கு மாதமாயிற்று. கொடுத்த வட்டியை எண்ணினால் இன்றும் வயிறு எரிகிறது.

எங்களுக்குப் பணத்தைக் கட்டுசெட்டாக வைத்துக்கொள்ளத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். புதுமைப்பெண் திட்டத்தில் எனக்கு மாதம் 1,000 ரூபாய் வந்தது. எங்கள் வீட்டில் மாதக் கணக்கில் வந்த ஒரே வருமானம் அதுதான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாததால் அதில் மாதம் 300 ரூபாயைத் தனியே எடுத்துவைத்து, நோட்டில் எழுதிவந்தேன். அக்டோபர், நவம்பரில் காற்று எச்சரிக்கை வந்து, கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் அனுமதி டோக்கன் இல்லாமல் படகு நங்கூரத்தில் கிடந்தபோது தேர்வுக் கட்டணம் கட்டியது அந்தப் பணத்தில்தான்.

கல்வி உதவித்தொகையும் வந்தது, ஆனால் மார்ச்சில். என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு அதுவும் இல்லை. வங்கிக் கணக்கோடு ஆதார் இணையவில்லை என்பது அவளுக்குத் தெரியவந்தபோது பிப்ரவரி ஆகியிருந்தது. ஜூலையிலேயே யாராவது பார்த்துச் சொல்லியிருந்தால் வங்கிக்கு ஒரு நடை போய்ச் சரிசெய்திருப்பாள்.

கல்விக் கடன் வாங்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். 7.5 லட்சம் வரை பிணை இல்லாமல் கிடைக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். பொறியியல் படிக்கப் போகிறவர்களுக்கு அது பெரிய துணை. ஆனால் ஏற்கெனவே முன்பணக் கடனில் இருக்கும் குடும்பம் ஆண்டுக்கு 18,000 ரூபாய்க் கட்டணத்துக்காக வங்கியிலும் ஏன் கடன்பட வேண்டும்? எட்டு வாரம் பொறுத்தால் அந்தப் பணத்தை அப்பாவே கட்டிவிடுவாரே.

கட்டணத்தை ஆகஸ்ட், செப்டம்பர், பிப்ரவரி என்று மூன்று தவணையாக வாங்கிக்கொள்ளுங்கள். ஜூனில் கட்ட முடிந்தவர்கள் கட்டட்டும். முடியாதவர்களிடம் அபராதம் வாங்காதீர்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவரின் ஹால் டிக்கெட்டை நிறுத்தாதீர்கள்; அந்தத் தாமதம் மாணவர் செய்த தவறு அல்ல. வருமானச் சான்றிதழ், ஆதார் இணைப்பு எல்லாவற்றையும் ஜூலை முடிவதற்குள் பார்த்துச் சொல்ல அலுவலகத்தில் ஒருவரை அமர்த்துங்கள்.

தம்பிக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதையும் நோட்டில் எழுதிவைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் சேர்க்கையன்று கட்ட வேண்டிய பணத்துக்காக அப்பா இன்று காலையும் முதலாளி வீட்டுக்குப் போயிருக்கிறார். இந்த ஆண்டு அறிவிப்பில் நீங்கள் இன்னும் தேதி போடவில்லை. ஆகஸ்ட் என்று போடுங்கள்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து ஒரு முன்னாள் மாணவி