நாற்பத்து நான்காம் வாசல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ரோமாபுரியின் பழைய அரங்கம் கொலோசியத்திலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வளைவுக்கு மேலே கல்லில் ரோமன் எண்ணில் வெட்டியிருப்பது எக்ஸ்-எல்-ஐ-ஐ-ஐ-ஐ, 44-ஆம் வாசல். "நாலு ஐ போட்டால் தப்பு என்று தலையில் குட்டினீர்களே அப்பா, இவர்களையும் குட்டுவீர்களா?" என்று கேட்டிருக்கிறாய்.

குட்ட மாட்டேன். ரோமர்களின் எண், ரோமர்களின் கல். நாற்பதை, ஐம்பதில் பத்துக் குறைத்து எக்ஸ்-எல் என்று எழுதியவர்கள், பக்கத்திலேயே நாலுக்கு நாலு கோடு கிழித்திருக்கிறார்கள் பார். கழிக்கத் தெரியாமல் இல்லை. இரண்டு வழியும் அவர்களுக்குச் சரிதான். நாலை, ஐந்தில் ஒன்று குறைத்து ஐ-வி என்றுதான் எழுத வேண்டும் என்று நாம் பள்ளியில் படித்த கண்டிப்பெல்லாம் பிற்காலத்தில் வந்தது. நம் கூடத்துக் கடிகாரத்தில்கூட நாலு மணிக்கு நாலு ஐ தானே.

ஆனால் நீ எழுதும்போது கண்டிப்பாகவே எழுது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அச்சகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு புத்தகத்தின் முன்னுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண் கோத்தேன். (முன்னுரையே ஐம்பது பக்கத்துக்கு மேல். எழுதியவரை யார் கேட்பது?) 49-க்கு ஐ-எல் என்று வைத்துவிட்டேன். ஐம்பதில் ஒன்று போனால் நாற்பத்தொன்பதுதானே என்ற கணக்கு. புரூஃபில் சிவப்பு வட்டம் போட்டு வந்தது.

ஐ (1) என்பது வி (5), எக்ஸ் (10) இரண்டுக்கும் முன்னால் மட்டுமே வந்து குறைக்கும். எக்ஸ், எல்-க்கும் (50) சி-க்கும் (100) முன்னால். சி, டி-க்கும் (500) எம்-க்கும் (1000) முன்னால். அவ்வளவுதான் அதற்கு அனுமதி. 49 என்றால் நாற்பது தனி, ஒன்பது தனி: எக்ஸ்-எல், ஐ-எக்ஸ்.

குழப்பமாக இருந்தால் எண்ணைத் தமிழில் வாய்விட்டுச் சொல். 1999: ஆயிரம், தொள்ளாயிரம், தொண்ணூறு, ஒன்பது. எம், சி-எம், எக்ஸ்-சி, ஐ-எக்ஸ். தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது, தொண்ணூறுக்குள் நூறு. நாமும் ஒன்பதுகளை அடுத்த படியைக் காட்டித்தான் சொல்கிறோம். இது எனக்கு வயதான பிறகுதான் உறைத்தது.

ஒன்றை மட்டும் நம் பழைய எண்களோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நம் பத்து ௰. அதற்குப் பின்னால் இரண்டு, அதாவது ௨ வந்தால் கூட்டல், ௰௨ என்றால் 12. முன்னால் வந்தால் பெருக்கல், ௨௰ என்றால் 20. ரோமர்கள் கணக்கில் சிறிய எண் முன்னால் வந்தால் கழித்தல்.

அப்புறம், கொலோசியத்தில் மொத்தம் 80 வாசல் வளைவுகள். 76-க்கு எண் போட்டிருந்தார்கள். இன்று மிஞ்சியிருப்பவை 23 முதல் 54 வரை என்று படித்திருக்கிறேன். ஊருக்குக் கிளம்புமுன் இன்னொரு நடை போய் வா. 49-ஆம் வாசலைத் தேடிப் பிடித்து, அவர்கள் எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு படம் அனுப்பு.

அப்பா