வள்ளத்து ரெசினும் பல்லில் வைக்கும் பசையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பனில் ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கிறவன் நான். சுனாமிக்கு அடுத்த வருஷம் உளியை வைத்துவிட்டு ரெசின் வாளியைத் தூக்கினேன், இன்னும் இறக்கவில்லை. ரெசின் என்றால் கண்ணாடி இழையோடு சேர்ந்து வள்ளமாக இறுகுகிற பசை. பல் அடைக்கும் பசையைச் சூடாக்கி வைத்தால் நன்றாக இறுகும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை டீக்கடையில் பார்த்தேன். கடைக்காரர் அந்தத் தாளில் வடை மடிக்கப் போனார். வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து இன்னொரு தடவையும் படித்தேன். எழுதியவர் பிழையாக ஒன்றும் எழுதவில்லை. ஆனால் பாதிக் கதைதான் வந்திருக்கிறது. மீதி லைட்டின் கதை, அது என் கடைவாய்ப் பல்லில் நடந்தது.

வலது பக்கம் கீழ்க் கடைவாயில் சொத்தை. ஒரு பல் ஆஸ்பத்திரியில் போய் அடைத்தேன். என் அப்பாவுக்கு வைத்தது கறுத்துப்போன வெள்ளி அடைப்பு; அவர் போகும்வரை வாயில் கிடந்தது. எனக்கு வைத்தது பல் நிறத்துப் பசை. வைத்து நீல லைட் அடித்து அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் மாதம், வீட்டில் நண்டுக் குழம்பு. கொடுக்கைக் கடித்தேன். ஓடு அப்படியே இருக்க, அடைப்பு கழன்று நாக்கில் விழுந்தது.

வேறு யாராவது என்றால் துப்பியிருப்பார்கள். நான் கழுவி எடுத்து வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. நாக்கு படும் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. குண்டூசியால் கீறினேன், ஊசி வழுக்கியது. திருப்பி அடிப்பக்கத்தைக் கீறினேன். வெள்ளையாகக் கோடு விழுந்தது. ஓரத்தில் அழுத்தியதும் பொடி உதிர்ந்தது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரே பேச்சுதான்: மேலே செட் ஆகியிருக்கிறது, அடி செட் ஆகவில்லை.

என் தங்கை மகள் வெளியூரில் பல் மருத்துவம் படிக்கிறாள். அன்று ராத்திரியே போன் போட்டுச் சொன்னேன். சிரித்துவிட்டாள். "மாமா, நீங்க குண்டூசியால பண்ணினதைத்தான் லேப்ல பண்றாங்க. ஐ.எஸ்.ஓ. 4049-னு அதுக்கு உலகத் தர நம்பரே இருக்கு." பசையைச் சின்ன உலோகக் குழாயில் அடைத்து மேலிருந்து லைட் அடிப்பார்களாம். பிறகு வெளியே தள்ளி, அடியில் இறுகாமல் இருப்பதை பிளாஸ்டிக் கரண்டியால் வழித்துவிட்டு, மிஞ்சிய கட்டியை அளந்து, அதில் பாதியைத்தான் 'இவ்வளவு ஆழம் இறுகும்' என்று கணக்கில் எடுப்பார்களாம். முழுதையும் நம்பாமல் பாதியை மட்டும் எடுக்கிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஆட்களும் கரை சேரும் டீசலை அப்படித்தான் கணக்குப் போடுவார்கள்.

அவளிடம் துருவித் துருவிக் கேட்டதில் தெரிந்தது, பல்லில் வைப்பதும் எங்கள் ரெசினுக்குப் பங்காளிதான். ராஃபேல் போவன் என்ற அமெரிக்கர் முதலில் எபாக்ஸியைப் பல்லில் வைத்துப் பார்த்திருக்கிறார். வாய்க்குள் அது இறுக ரொம்ப நேரம் பிடித்தது. பிறகு எபாக்ஸியோடு அக்ரிலிக் வகையைச் சேர்த்து பிஸ்-ஜி.எம்.ஏ. என்ற புது ரெசினைச் செய்து, 1962-ல் காப்புரிமை வாங்கினார். அதில் சிலிக்காத் தூளைக் கலந்தார். தூள் ரெசினைப் பிடித்து நிற்க, ஒவ்வொரு துகளுக்கும் சிலேன் பூச்சு. எங்கள் ஃபைபர் மேட் என்ற கண்ணாடி இழைப் பாயிலும் இழைக்கு அதே சிலேன் பூச்சுதான். இத்தனை வருஷம் அந்த மேட்டைக் கத்தரித்திருக்கிறேன், வாயில் அதன் தம்பியை வைத்துக்கொண்டு திரிகிறேன் என்பது தெரியாமல்.

வித்தியாசம் ஒன்றே ஒன்று. உங்கள் கட்டுரைக்காரர் தொடாமல் விட்டதும் அதைத்தான்.

எங்கள் ரெசினில், அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் திரவத்தை ஊற்றிக் கலக்குகிறோம். கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி. கலந்த பிறகு வெயிலோ இருட்டோ, மேலோ அடியோ, எல்லா இடமும் இறுகியே தீரும். சூடு ஏறினால் சீக்கிரம் இறுகும். சித்திரை மதியத்தில் மக்கில் மிச்சம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது மக் புகைந்துகொண்டிருக்கும். மார்கழிக் காலையில் அதே அளவு ஊற்றினாலும் பத்து மணிவரை கூழ் மாதிரி நிற்கும். அதனால் 'பசையைச் சூடாக்கினால் நன்றாக இறுகுகிறது' என்று படித்ததும் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆனால் பல்லில் வைக்கும் பசையில் கேட்டலிஸ்டுக்குப் பதில் வெளிச்சம். கற்பூரத்திலிருந்து எடுக்கிற கேம்பர்குவினோன் என்ற மஞ்சள் தூள் அதில் கொஞ்சம் இருக்கிறது. 470 நானோமீட்டர் சுற்றுவட்டத்து நீல ஒளி பட்டால்தான் அது வேலையைத் தொடங்கும். ராமேஸ்வரம் பக்கத்தில் இருந்துகொண்டு கற்பூரத்தைப் பற்றி நமக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை, தீ காட்டினால்தான் எரியும். அதே மாதிரிதான். வெளிச்சம் போய்ச் சேராத ஆழத்தில் பசை பசையாகவே கிடக்கும், எவ்வளவு சூடாக்கி வைத்தாலும்.

சூட்டைப் பற்றிக் கட்டுரையில் சொன்னது சரிதான். மின்சாரத்தில் சூடாகும் சின்னத் தட்டில் பசையை 54, 60, 68 டிகிரி என்று வைத்து எடுத்தால் இளகுகிறது, குழியின் மூலை முடுக்கெல்லாம் போய் அப்புகிறது, இடையில் காற்று நிற்பது குறைகிறது. காற்றுக் குமிழி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நான் பிரித்துப் பார்த்த ஓட்டைகளில் பாதி அங்கேதான் ஆரம்பித்திருக்கின்றன. சூடாக இருக்கும்போதே ஒளி பட்டால் ரெசின் மூலக்கூறுகள் இன்னும் அதிகமாகக் கைகோக்கும் என்பதும் ஆராய்ச்சியில் தெரிந்ததுதான். ஆனால் அந்தச் சூடு எவ்வளவு நேரம் நிற்கும்? 60 டிகிரியில் இருந்து எடுத்து வெளியே வைத்தால் ஏற்றிய சூட்டில் பாதி 2 நிமிஷத்தில் போய்விடுகிறது; 5 நிமிஷத்தில் 90 சதவீதம் போய்விடுகிறது. அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். கருப்பட்டிப் பாகைச் சிரட்டையில் ஊற்றுகிறவர்களைக் கேளுங்கள், அகப்பையிலிருந்து சிரட்டைக்கு வருவதற்குள் அது எப்படி முறுகுகிறது என்று சொல்வார்கள். டாக்டர் பசையைப் பிதுக்கி, கருவி தேடி, வைத்து, அமுக்கி, லைட்டை எடுப்பதற்குள் அது வாயின் சூட்டுக்கு இறங்கிவிடும். ஆய்வுக்கூடத்தில் 60 டிகிரியிலேயே நிறுத்திவைத்து அளந்த பலனை நம் வாய்க்குள் எதிர்பார்க்க முடியாது.

சூடான பசை பல்லின் நரம்பைச் சுடுமே என்று டீக்கடையில் ஒருவர் பயந்தார். அந்தப் பயம் தேவையில்லை. 1965-ல் ஸாக், கோஹன் என்ற இருவர் குரங்குகளின் பல்லில் சோதித்தார்கள். பல்லுக்குள் நரம்பு இருக்கும் கூழில் 5.5 டிகிரி சூடு ஏறியபோது 15 சதவீதப் பற்கள் மீளவில்லை. இன்றைக்கும் அந்த எண்ணைத்தான் எல்லாரும் எல்லையாக வைத்துப் பேசுகிறார்கள். சூடாக்கிய பசையால் உள்ளே ஏறுவது 1 டிகிரிக்கும் கீழே. அதைவிட அதிகம் சூடேற்றுவது நீல லைட்டேதான். பயப்படுகிறவர்கள் அதற்குப் பயப்படலாம்.

இனி என் இரண்டாவது வருகை. அதே இடத்துக்குத்தான் போனேன். போகவர பஸ் சௌகரியம். இந்தத் தடவை வாயைத் திறந்துகொண்டு கண்ணையும் திறந்துவைத்திருந்தேன். பசைக் குழல் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்தது. டாக்டர் திருகுகிறார், திருகுகிறார், வரவில்லை. விரல் வெளுத்துப்போயிற்று. 60 டிகிரி ஆராய்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும், அரை மணி நேரம் முன்னாடி வெளியே எடுத்து மேசையில் வைத்தால் காசா பணமா? அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பயன்படுத்தச் சொல்லித்தான் தயாரிப்பாளர்களும் எழுதுகிறார்கள். (வெயிலில் மட்டும் வைக்கக் கூடாது. குழலுக்குள்ளேயே கல்லாகிவிடும்.)

அடுத்து லைட். உதவிக்கு நின்ற பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு டாக்டர் போனை எடுத்தார். அந்த லைட்டின் நுனிக் கண்ணாடியை நான் கிட்டத்தில் பார்த்தேன், மூக்குக்கு ஒரு சாண் தள்ளி. நகத்தளவு கண்ணாடி, அதில் கால்வாசியை மூடிக்கொண்டு பழைய பசை இறுகி மஞ்சளாக ஒட்டியிருந்தது. எத்தனை பேர் வாயில் பட்ட பசையோ. எங்கள் பட்டறையில் பிரஷில் ரெசின் இறுகிவிட்டால் தூக்கி எறிவோம். சரி, பிரஷ் முப்பது ரூபாய், லைட் அப்படியில்லை. ஆனால் துடைக்கலாமே? அந்தப் பிள்ளைக்குக் கண்ணை மறைக்க ஆரஞ்சுத் தட்டும் கொடுக்கவில்லை. நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்பதால் அது பாவம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. பார்க்காமல் பிடித்த கை நழுவி, வெளிச்சம் பாதி நேரம் என் கன்னத்தின் உள்பக்கத்தில்தான் விழுந்தது. கடைவாய் வேறு. நேராகப் பிடிக்க இடம் கொடுக்காது, சாய்த்துத்தான் பிடிக்க வேண்டும். சாய்த்தால் குழியின் ஒரு பக்கச் சுவர் நிழலில் போய்விடும்.

என் அடைப்பின் அடிப்பக்கம் ஏன் பொடியாக உதிர்ந்தது என்பது அங்கே படுத்துக்கொண்டே புரிந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. சாதாரணப் பசையை 2 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் ஒரே தடவையில் வைக்கக் கூடாது. கொஞ்சம் வைத்து லைட் அடித்து, மறுபடி வைத்து லைட் அடிக்க வேண்டும். மொத்தமாக வைக்கவென்றே வந்திருக்கும் வகைக்கும் 4 மில்லிமீட்டர்தான் கணக்கு. எனக்கு முதல் தடவை ஒரே அமுக்கு, ஒரே லைட். இரண்டாம் தடவை நானே விரலைக் காட்டி "ரெண்டு தடவையா வைங்க சார்" என்றேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அதற்கப்புறம் லைட்டைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டார், ஸ்பிரிட் தொட்டு நுனியையும் துடைத்தார். நல்ல மனிதர்தான், அவசரம்.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதக் காரணம், உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இனி நாலு பேர் போய் 'சூடு பண்ணி வைக்கிறீங்களா' என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரிகளும் சூடாக்கும் தட்டை வாங்கி வைத்து அதற்கு ஒரு கட்டணம் போடும். லைட் அப்படியே அழுக்காக இருக்கும். லைட்டின் வலுவைப் பார்க்க ரேடியோமீட்டர் என்று உள்ளங்கையில் அடங்குகிற கருவி இருக்கிறது. நுனியை அதன் மேல் வைத்து அழுத்தினால் எண் காட்டும். சதுர சென்டிமீட்டருக்கு 400 மில்லிவாட்டுக்குக் குறைந்தால் அந்த லைட் போதாது என்பது பழைய கணக்கு; இப்போது வருகிற எல்.இ.டி. லைட்டுகள் புதிதில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலும் காட்டும். கண்ணால் பார்த்தால் நல்ல லைட்டும் கெட்டுப்போன லைட்டும் ஒரே நீலம்தான். மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உள்ள இடங்களுக்கெல்லாம் இந்தக் கருவியை இடத்துக்கொன்று கொடுத்து, வாரம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதி வைக்கச் சொல்லலாம். மீன் இறங்குதளத்தில் தராசுக்கு முத்திரை கேட்கிற அரசாங்கம் இதையும் கேட்கலாம். தனியார் ஆஸ்பத்திரிகளைக் கட்டாயப்படுத்துவது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. உங்கள் பத்திரிகை அடுத்த ஞாயிறு லைட்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதினால் ஜனங்களே கேட்பார்கள்.

கடலோரத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. தொழில் இருக்கிற நாளில் யாரும் பல்லைப் பார்க்கப் போவதில்லை. விசைப்படகு ஆட்கள் தடைக்காலம் 61 நாளில்தான் போவார்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதில் வைத்த அடைப்பு ஆடியில் கழன்றால், மறு வருஷம் சித்திரைவரை இஞ்சித் துண்டைக் கடித்துக்கொண்டு கடலுக்குப் போவார்கள். வெள்ளி அடைப்பே வைத்துக்கொள்ளலாமே என்று சொல்லவும் இனி வழி குறைகிறது. அதில் பாதரசம் இருக்கிறது. ஜப்பானில் மினமாட்டா கடற்கரையில் ஆலைக் கழிவுப் பாதரசம் கலந்த மீனைத் தின்று நம்மைப் போன்ற மீன்பிடி ஜனங்கள்தான் கை கால் விளங்காமல் போனார்கள். அந்த ஊர்ப் பெயரிலேயே 2013-ல் உலக ஒப்பந்தம் போட்டு, 2018-ல் நம் நாடும் சேர்ந்தாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025-லிருந்து, மருத்துவக் காரணம் இருந்தால் தவிர, வெள்ளி அடைப்பை நிறுத்திவிட்டார்கள். இங்கேயும் போகப்போக எல்லார் வாயிலும் ரெசின்தான்.

கடிதத்தை வெளியிட்டால் ஊரை மட்டும் போடுங்கள், பெயர் வேண்டாம். மேல்வரிசையில் இன்னொரு பல் கூச ஆரம்பித்திருக்கிறது. அதே டாக்டரிடம்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஃபைபர் வள்ளம் பழுது பார்ப்பவர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.