குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–2025 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

எத்தனை கூட்டம், எத்தனை தீர்மானம் என்று அடுக்கித் தொடங்குவது நம் சங்கத்து வழக்கம். அதெல்லாம் நடவடிக்கைப் பதிவேட்டில் இருக்கிறது; மேசை மேல் வைத்திருக்கிறேன், புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தெருவிளக்கு, கொசு மருந்து, தெருநாய் மூன்றும் வழக்கம்போல் மனுவாகப் போயின. விளக்கு மட்டும் எரிகிறது. பொங்கல் விளையாட்டுப் போட்டி சிறப்பாக நடந்தது. கோலப்போட்டி முடிவு பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை என்பதை அவை அறியும். அதற்குள் நான் போகவில்லை.

இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி போனது ஒரே வேலைக்குத்தான். நம் ஊரின் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்களுக்கான நீண்டகாலத் திட்டத்தைப் புதுப்பிக்கப் போவதாகவும், குடியிருப்போர் சங்கங்கள் யோசனை தரலாம் என்றும் பகுதி சபைக் கூட்டத்தில் சொன்னார்கள். 2022 முதல் நகரங்களிலும் கிராம சபை மாதிரி பகுதி சபை கூடுகிறது. அதில் போண்டா சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருவதற்கு மேலும் வேலை உண்டு என்பது அன்றுதான் நம்மில் பலருக்குத் தெரிந்தது.

முதல் செயற்குழுவில் ஆளுக்கொரு ஆசை சொன்னோம். இசை நீரூற்று, ஸ்கேட்டிங் தளம், செல்ஃபி பாயிண்ட் எல்லாம் வந்தன. அப்போது நம் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற நில அளவையர், ஒரு கேள்வி கேட்டார்: "இதையெல்லாம் எந்த இடத்துல வைக்கப் போறீங்க?" அதற்குப் பிறகு நீரூற்றுப் பேச்சு எழவில்லை. ஆண்டு முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் தேடினோம்.

மத்திய அரசின் நகரத் திட்டமிடல் வழிகாட்டி ஒன்று, ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருந்தால் நல்லது என்கிறது. அறுபதாயிரம் பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொண்டால், குறைந்த கணக்கிலேயே 148 ஏக்கர் வரும். நம் பக்கத்து நில அளவான வேலிக் கணக்கில் (ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர்) 22 வேலிக்கு மேல். திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்களே, அந்தக் கமலாலயத்தைப் போல நாலரைக் குளம் அளவு இடம். கேட்டதும் தலை சுற்றியது. ஆனால் அதே வழிகாட்டி ஆற்றுப்படுகை போன்ற திறந்தவெளிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறது. நம் ஊரில் ஆற்றங்கரையும் குளக்கரையும் இருக்கின்றன. சாயங்காலம் படித்துறையில் உட்கார்ந்து பேசுகிற சனம் பூங்காவுக்கு வருகிற கூட்டத்தைவிட அதிகம். தஞ்சாவூரில் 1871–72-ல் நகராட்சி பூங்கா அமைத்தபோதும் சிவகங்கைக் குளத்தை ஒட்டித்தான் அமைத்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஆற்றங்கரை நீர்வளத் துறையிடம், கோயில் குளம் அறநிலையத் துறையின் பொறுப்பில், பள்ளி மைதானம் கல்வித் துறையிடம். நகராட்சியின் பழைய திட்டம் தன் கையில் உள்ள இடங்களை மட்டும் எண்ணிப் பார்த்து, இடம் போதாது என்று முடித்துவிட்டது. புதிய திட்டத்தில் நான்கு துறைகளும் ஒரே வரைபடத்தில் வர வேண்டும் என்பது, இதற்காக நாம் எழுதிய மனுவின் முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கைதான் மனுவின் உயிர். மனைப்பிரிவு போடும்போது 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலை நீங்கலாக 10 சதவீத இடத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்ட வழி உண்டு. அதற்கு மேல் இடமாகவே தர வேண்டும். ஒதுக்கியதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அப்படியானால் வயலெல்லாம் நகர் நகராக மாறிய நம் ஊர் விளிம்பில் எவ்வளவு இடம் சேர்ந்திருக்க வேண்டும்! தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பட்டியல் கேட்டோம். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். வந்தது, பாதிப் பக்கம், சர்வே எண் இல்லாமல்.

ஆகவே நாமே இறங்கினோம். ஒரு நிலத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். நம் மகளிர் அணியில் இரண்டு பேர் மத்தியானத் தூக்கத்தை விட்டு இதைச் செய்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தை ஒரு பக்கமும் வில்லங்கத்தை மறுபக்கமும் வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் துலங்கியது. பல இடங்களுக்குத் தானப் பத்திரம் முறையாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் பட்டாவில் பெயர் மாறவில்லை. பழைய நிலக்காரர் பெயரிலேயே நிற்கிறது. பத்திரம் ஒரு அலுவலகத்தில், பட்டா இன்னொன்றில். பத்திரம் பதிவானதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். வருகிற ஆளுக்கு விவரம் தெரியாது. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாரிசு நல்ல மனிதராக இருக்கும்வரை இடம் இருக்கும்.

ஒரு நகரில் "பூங்கா" என்று வரைபடத்தில் பச்சை அடித்த இடத்தை நேரில் போய்ப் பார்த்தோம். மூன்று பக்கம் மதில், நான்காவது பக்கம் ஒருவர் மாட்டுக்கொட்டகை. நடுவில் செங்கல் அடுக்கியிருந்தது. கொட்டகைக்காரர் சண்டைக்கு வரவில்லை, மோர் கொடுத்தார். "எவனாச்சும் வந்து கேட்டா குடுத்துருவேன், இதுவரைக்கும் யாரும் கேக்கலியே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைக் காப்பதற்கென்றே 1959-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. உள்ளாட்சி தன் எல்லைக்குள் உள்ள இடங்களைப் பட்டியலிட்டு வரைபடத்தோடு அரசுக்கு அனுப்ப வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை அரசு அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்கு எடுக்க முடியாது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மனுவில் சேர்த்தோம். நம் ஊர்ப் பட்டியலை இந்தச் சட்டப்படி புதுப்பித்து வெளியிடுவதே திட்டத்தின் முதல் பக்கமாக இருக்க வேண்டும். நீரூற்று பத்தாம் பக்கத்தில் வரட்டும்.

இருக்கிற பூங்காக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மண் களி. மழையில் ஊதும், சித்திரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் இன்டர்லாக் கல் பதித்தால் இரண்டு மழைக்காலத்தில் கல் அலை அலையாக எழும்பும். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் இடறி விழுவது அதனால்தான். அடியில் ஆற்றுமணலோ கிராவலோ தடிமனாகப் போட்டு இறுக்கிய பிறகே கல், இல்லையென்றால் வெறும் மண்பாதையே மேல் என்று எழுதினோம். சறுக்குமரத்தின் இரும்புத் தகடு மேற்கு பார்த்திருக்கிறது. பள்ளி விட்டு வரும் நேரத்தில் பிள்ளைகள் தொடையில் சூடு வாங்கிக்கொண்டு அழுகின்றன. அதைத் திருப்பி வைக்கத் திட்டம் எதுவும் தேவையில்லை, நாலு ஆள் போதும்.

மரம் விஷயத்தில் 16-11-2018 விடிகாலையில் கஜா புயல் சொல்லிக்கொடுத்த பாடம் இருக்கிறது. தெற்கே வேதாரண்யம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை தோப்பு தோப்பாகச் சாய்ந்ததையும் பனை நின்றதையும் எல்லோரும் பார்த்தோம். பூங்காவில் சீக்கிரம் வளர்கிற அலங்கார மரம் வேண்டாம். நீர்மருது, புங்கன், நாவல், இலுப்பை, வேலியோரம் பனை என்று கேட்டிருக்கிறோம். தாழ்வான பூங்காவில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்பதைக் குறையாகப் பார்த்து மண் கொட்டி மேடாக்குகிறார்கள். கொட்டிய பிறகு அந்தத் தண்ணீர் பக்கத்துத் தெரு வீடுகளுக்குள் போகிறது. இரண்டு மாதம் நீர் வாங்கிக்கொள்ளும் திடல் ஒன்று ஊருக்கு அவசியம். அங்கே பெஞ்சை மட்டும் மேட்டில் போட்டால் போதும். இதில் சங்கத்துக்குள்ளேயே இருவேறு கருத்து உண்டு, மறைக்கவில்லை.

சாவி பற்றி ஒரு வார்த்தை. நம் பூங்காவின் சாவி தண்ணீர்த்தொட்டி ஆபரேட்டரிடம் இருக்கிறது. மோட்டார் ரிப்பேர் என்றால் அன்று பூங்கா திறக்காது. பெண்கள் சமையல் முடித்து வெளியே வர முடிகிற நேரத்தில் கேட் பூட்டியிருக்கிறது. சாயங்காலம் திறந்திருக்கும்போது கிரிக்கெட் பந்து பறக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு விளையாட ஒரு மூலைகூட மிச்சமில்லை. திறக்கிற நேரத்தை முடிவு செய்யும் குழுவில் பெண்கள் பாதிப்பேர் இருக்க வேண்டும் என்று மகளிர் அணி எழுதிய பத்தியை ஒரு சொல்கூட மாற்றாமல் மனுவில் வைத்தோம். பள்ளி மைதானத்தை மாலையிலும் விடுமுறையிலும் திறந்துவிடும் யோசனையும் உண்டு. தலைமையாசிரியருக்குச் சம்மதம்தான், ஆனால் பாட்டில் உடைத்துப் போட்டால் யார் பொறுப்பு என்று கேட்கிறார். பதில் நாம்தான் சொல்ல வேண்டும்.

"நமக்கு நாமே" திட்டத்தில் ஊர்மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். மாட்டுக்கொட்டகை இடத்துக்கு வேலி போட இதைப் பயன்படுத்தலாமா என்று வரும் செயற்குழு முடிவு செய்யும். அதற்கு முன் பட்டா மாற வேண்டும். திட்ட வரைவு வெளியானதும் ஆட்சேபம் கொடுக்கக் காலக்கெடு இருக்கும். தவறவிட்டால் அடுத்த திருத்தம் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே தங்கள் வீட்டுப் பத்திரத்தோடு மனைப்பிரிவு வரைபட நகல் வைத்திருக்கும் உறுப்பினர்கள், ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஆடிப்பெருக்குக்குள் சங்க அலுவலகத்தில் தாருங்கள். சர்வே எண் தெளிவாகத் தெரிய வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதையும் கூடவே கொண்டுவந்தால் பொருளாளர் மகிழ்வார்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்