ஒட்டுசுட்டான் நண்பனுக்கு: டிபென்டரின் ‘டொக்’ சத்தம் பற்றி

கிளிநொச்சி
புரட்டாசி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது எங்கள் வீட்டிலும் பெரிய சந்தோசம். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. காலபோகத்துக்கு உழத் தொடங்கியவர்கள் வானத்தைப் பார்த்தபடி இருக்கிறார்கள். மழை பிடிக்கமுன் உன் லாண்ட் றோவர் டிபென்டர் சரியாகிவிட வேண்டும். அதனால் மற்றக் கதைகளை விட்டு அதற்கே வருகிறேன்.

கிளச்சை விட்டதும் அடியில் ‘டொக்’ என்று ஒரு அடி, மெதுவாக ஓடும்போது ‘கிறீச் கிறீச்’, வேகம் கூடினால் அது அடுக்கடுக்காக வருகிறது என்று எழுதியிருக்கிறாய். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் முதற் சந்தேகம் புரொப்பெல்லர் ஷாப்ற்றின் (சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு) குறொஸ் ஜொயின்றில்தான் (அதன் முனையிலுள்ள சிலுவை மூட்டு). டிபரன்சியலை (அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி) பிரிக்க வேண்டும் என்று கராஜில் சொன்னதற்கு இப்போதைக்குச் சம்மதிக்காதே. டிபரன்சியல் பல் தேய்ந்தால் ஊளைச் சத்தம் வரும். அதுவும் அக்சிலேற்றரை மிதிக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது வேறு மாதிரி இருக்கும். காய்ந்த ஜொயின்ற்தான் கிறீச்சிடும்.

உறுதிப்படுத்த ஒரு சுலபமான வழி. உன் வண்டியின் டிபரன்சியல் விகிதம் 3.54. சில்லு ஒருமுறை சுற்ற ஷாப்ற் மூன்றரை முறை சுற்றும். சமதரையில் வண்டியை இரண்டு பேர் மெதுவாகத் தள்ள, நீ பக்கத்தில் நடந்தபடி காது கொடு. சில்லு ஒரு சுற்று வருவதற்குள் சத்தம் மூன்று நான்கு தரம் கேட்டால் அது ஷாப்ற்றில். ஒரேயொரு தரம் என்றால் சில்லிலோ பிரேக்கிலோ பார். 7.50-16 டயரில் 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது அந்த ஷாப்ற் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 சுற்றுச் சுற்றுகிறது. ஒரு ஜொயின்றில் விழும் சின்ன ஆட்டம் வண்டி முழுவதையும் அதிர வைப்பது அதனால்தான்.

பிறகு அடியில் படுத்துப் பார். அதற்கு முன் நாலு சில்லுக்கும் முன்னும் பின்னும் கல் வை, கியரை நியூற்றலில் விடு, கைப்பிரேக்கையும் விடு. டிபென்டரின் கைப்பிரேக் சில்லுகளில் இல்லை, ட்றான்ஸ்பர் பொக்ஸின் (இழுவையை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்பக்கத்தில் பின் ஷாப்ற்றைப் பிடிக்கிறது என்பது உனக்குத் தெரியும். கழற்றப் போகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். பின் ஷாப்ற் கழன்ற அந்த நிமிடமே கைப்பிரேக் பின் சில்லுகளை விட்டுவிடும். கல் வைக்காமல் அடியில் போகவே கூடாது.

ஒரு கையால் பிளாஞ்சையும் (ஷாப்ற்றைப் பூட்டும் தட்டு) மற்றக் கையால் ஷாப்ற்றையும் பிடித்து எதிரெதிராக முறுக்கு. இரண்டும் சேர்ந்து திரும்பினால் அது பற்களுக்கிடையிலான ஆட்டம். எப்போதும் நாலு சில்லும் இழுக்கிற வண்டியில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். பிளாஞ்ச் நிற்க ஷாப்ற் மட்டும் அசைந்தால் ஜொயின்ற் முடிந்தது. கையால் தெரியாவிட்டால் யோக்கின் (குறொஸைப் பிடிக்கும் கவை) காதுகளுக்கிடையில் சின்ன அலவாங்கை விட்டு நெம்பு. கப்பின் (குறொஸின் முனையை மூடும் கிண்ணம்) ஓரத்தில் செங்கல் தூள் மாதிரிச் சிவந்த பொடி ஒட்டியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. உள்ளே கிறீஸ் தீர்ந்து, ஊசி உருளைகள் துருவாக அரைபடுகின்றன.

அப்படியே ஷாப்ற்றின் நடுவில் நீண்டு சுருங்கும் ஸ்பிளைனையும் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல்வரிப் பூட்டு) முறுக்கிப் பார். அங்கே ஆட்டம் இருந்தால் திருத்த வழியில்லை, ஷாப்ற்றையே மாற்ற வேண்டும்.

இரண்டு ஷாப்ற்றிலுமுள்ள ஜொயின்ற் நாலும் நல்லதாக இருந்து ‘டொக்’ மட்டும் வந்தால் இன்னும் இரண்டு இடம் பார். ஒன்று, சில்லின் நடுவிலுள்ள மூடியைக் கழற்றி, ஒருவர் ஷாப்ற்றை முன்பின் ஆட்ட, அரை அச்சின் நுனியைக் கவனி. ஐந்து போல்ற் பூட்டிய அந்த பிளாஞ்சுக்குள் அச்சு தனியாக ஆடினால் ஸ்பிளைன் தேய்ந்துவிட்டது. பழைய டிபென்டர்களில் இது மிகச் சாதாரணம். மற்றது பின் அச்சுக்கு மேலுள்ள முக்கோணச் சட்டத்தின் பந்து மூட்டு (போல் ஜொயின்ற்). அது தளர்ந்தால் இழுக்கும்போது அச்சே உருண்டு அடிக்கும்.

எந்த ஷாப்ற் என்று இன்னும் மயக்கமாக இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதில் கொஞ்சத் தூரம் ஓட்டிப் பார்க்கலாம். முன் ஷாப்ற்றை முதலில் கழற்று, கைப்பிரேக் மிஞ்சும். டிஃப் லொக் (நடு டிபரன்சியலைப் பூட்டுவது) போட்டால்தான் வண்டி நகரும். போடாவிட்டால் இழுவை முழுவதும் வெறுமனே சுற்றுகிற பக்கம் போய்விடும்.

கழற்றமுன் பிளாஞ்சிலும் யோக்கிலும், ஸ்பிளைனின் இரு பக்கத்திலும் பஞ்ச் உளியால் குறி அடி. சோக்குக் கோடு எண்ணெயில் அழிந்துவிடும். பின் ஷாப்ற்றின் இரு யோக்கும் ஒரே நேரில் இருக்க வேண்டும். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் அதிர்வு வரும். முன் ஷாப்ற்றில் வேண்டுமென்றே நேரில்லாமல் அமைத்த வண்டிகளும் உண்டு, அதைக் கண்ணால் பார்த்துத் ‘திருத்தி’விடாதே. நட்டுக்கு 9/16 அங்குல ஸ்பனர்தான் வேண்டும். 14 மில்லிமீற்றர் உள்ளே போகாது, 15 வழுக்கி மூலையைத் தின்றுவிடும்.

சேர்க்கிளிப் (கப்பை வெளியே வராமல் பிடிக்கும் வளையம்) நாலையும் எடுத்து, பள்ளத்திலுள்ள துருவைச் சுரண்டி, வைஸில் வைத்து இரண்டு சொக்கெற்றால் தள்ளு. ஒரு பக்கம் கப்பைவிடச் சிறியது, மறுபக்கம் கப் உள்ளே விழக்கூடிய பெரியது. சுத்தியலால் யோக்கின் காதில் அடித்துக் கழற்றுகிறவர்களிடம் கொடுக்காதே. காது வளைந்தால் புதுக் குறொஸும் சில மாதத்தில் போகும். புதியதைப் பூட்டும்போது ஊசிகள் கிறீஸில் ஒட்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒன்று விழுந்து அடியில் கிடந்தாலும் கப் முழுதாக இறங்காது, சேர்க்கிளிப்பின் பள்ளம் தெரியாது. அந்த நேரம் வைஸை இறுக்காதே, வெளியே எடுத்து ஊசியைத் தேடு. பூட்டியபின் ஜொயின்ற் இறுக்கமாக இருந்தால் யோக்கில் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டு, கப்புகள் வெளிப்பக்கம் சேர்க்கிளிப்பில் போய் அமர்ந்து இளகிவிடும். நிப்பிள் (கிறீஸ் அடிக்கும் முனை) கிறீஸ் கன் எட்டுகிற பக்கம் பார்க்கட்டும். நட்டுகள் புதிதாகப் போட்டு 47 நியூட்டன் மீற்றர் அளவுக்கு இறுக்கு.

லிதியம் கிறீஸ், 2ஆம் இலக்கம், போதும். நாலு சீலாலும் (கப்பின் வாயிலுள்ள அடைப்பு) புதுக் கிறீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடி. ஒரு பக்கம் வராவிட்டால் ஷாப்ற்றை ஆட்டிக்கொண்டு திரும்ப அடி. ஸ்பிளைனுக்கு மட்டும் அளவோடு. அதை நிரப்பிவிட்டால் ஷாப்ற் சுருங்க முடியாமல் ட்றான்ஸ்பர் பொக்ஸின் பெயரிங்கைக் குத்தும்.

முத்தையன்கட்டுப் பக்கம் வாய்க்கால் தண்ணீருக்குள்ளால் நீ போய் வருகிறாய். சூடான ஜொயின்ற் தண்ணீரில் அமிழ்ந்து குளிரும்போது சீலுக்குள்ளால் தண்ணீரை உறிஞ்சும். மாரியில் அப்படி இறங்கின நாள் பின்னேரமே கிறீஸ் அடித்தால் அந்தத் தண்ணீர் வெளியே தள்ளுப்படும். ஒரு கிழமை விட்டால் துருப் பிடித்துவிடும். ஷாப்ற்றில் காய்ந்த சேற்றையும் கழுவு. ஒரு பக்கம் ஒட்டின களியே பலன்ஸைக் கெடுத்து அதிர வைக்கும். அதை ஜொயின்ற் பழுது என்று நினைத்துக் காசு செலவழித்தவர்கள் இருக்கிறார்கள்.

சாமான் வாங்கும்போது ‘டிபென்டருக்கு’ என்று மட்டும் கேட்காதே, ஒரே வண்டிக்கு இரண்டு அளவில் குறொஸ் வருகிறது. பழையதைக் கழற்றி, கப்பின் விட்டத்தையும் ஒரு கப் முனையிலிருந்து மறு கப் முனைவரை உள்ள நீளத்தையும் வேர்னியர் அளவுகோலால் அளந்து எனக்கு எழுது. அடுத்த கிழமை தம்பி வவுனியாவுக்குப் போகிறான், நிப்பிள் உள்ளதாகப் பார்த்து நாலும் எடுத்து, மாங்குளம் சந்தியில் உனக்குக் கிடைக்கும்படி பஸ்ஸில் கொடுத்துவிடுவான்.

அன்புடன்,
உன் மச்சான்