காற்றுப் பார்த்தாயா?

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நாலு ஞாயிறாக உன்னிடமிருந்து போன் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த மஞ்சள் விளக்கு இன்னும் எரிகிறதா? நீ கிளம்பிய அன்று டேஷ்போர்டில் பார்த்தேன். குதிரை லாடம் போல ஒரு படம், நடுவில் ஆச்சரியக்குறி. "பத்து நாளாக எரிகிறது அப்பா, ஒன்றும் ஆகாது" என்றாய். டயரில் காற்று குறைந்தால் எரிவது அது. வாடிப்பட்டி தாண்டுவதற்குள் காற்றுப் பார் என்றேன். தலையாட்டினாய். பார்த்தாயா?

வண்டியோடு வந்த புத்தகத்தை ஊஞ்சலிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டேன். நடுவில் வண்டி எடுத்த ரசீது இருந்தது. உன் ஒருத்தி பெயரில்தான். நம் வீட்டில் சொந்தச் சம்பளத்தில் கார் எடுத்த முதல் ஆள் நீ என்று பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டார். லீவு இல்லை என்று நீ சொன்னதையே சொன்னேன்.

மழைக்காலம் வருகிறது. முன்கண்ணாடி உள்ளே ஆவி படிந்து மறைத்தால், ஓட்டிக்கொண்டே துணியால் துடைக்காதே. விசிறி மாதிரி வளைந்த கண்ணாடியில் மூன்று அம்புகள் நெளிகிற பட்டன் முன்கண்ணாடிக்கு. செவ்வகத்தில் நெளிவது பின்கண்ணாடிக்கு. ஏ.சி.யும் ஓடட்டும். காருக்குள் அம்பு வளைந்து திரும்பும் பட்டன் உள்காற்றையே சுற்றவிடுவது, அதை அணைத்துவிடு. முன்னால் லாரி புகை கக்கும்போது மட்டும் போட்டுக்கொள். சிவப்பு முக்கோணம், வண்டி வழியில் நின்றுபோனால் அமுக்குவதற்கு. காளவாசல் சந்திப்பில் நேரே போகிறவனெல்லாம் அதைத்தான் மினுக்குகிறான். நீயும் அப்படிச் செய்யாதே. டயர் காற்றை, வண்டி ஓடி டயர் சூடாவதற்குள் பார்.

மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும். சிவப்பு எரிந்தால் உடனே ஓரங்கட்ட வேண்டும். அதிலும் எஞ்சின் ஆயிலுக்கான எண்ணெய்க் கெண்டிப் படம் சிவப்பாக எரிந்தால் அடுத்த பங்க் வரை போகலாம் என்று நினைக்கவே கூடாது. நின்ற இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உசிலம்பட்டிக் கல்யாணம் முடிந்து வந்த ராத்திரி நினைவிருக்கிறதா? நீ பின்சீட்டில் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். "ஏதோ சிவப்பாக எரிகிறதே" என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். "உனக்கு என்ன தெரியும், வாயை மூடு" என்றேன். செக்கானூரணிக்கு முன்னால் எஞ்சின் ஜாமாகி நின்றது. மெக்கானிக் ஆயில் ஊற்றாமல் ஏமாற்றிவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னேன். ஊற்ற வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றவன் நான். அதற்குப் பிறகு அம்மா காரில் பேசுவதையே விட்டுவிட்டாள். தம்பிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். நீ கேட்டபோது உனக்கு எதற்கு என்றேன். எதையும் வீட்டில் சொல்லாமல் இருக்க நீ யாரிடம் கற்றாய் என்று இப்போது யோசிக்கிறேன்.

புத்தகத்தை இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன், ரசீதில் இருந்த புது விலாசத்துக்கு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. காற்றுப் பார்த்துவிட்டு ஒரு போன் செய்.

அப்பா