கொழுந்து மடுவத்துக்கும் சேர வேண்டிய நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

என் சிறுகதைத் தொகுப்புக்கு இலங்கை அரச சாகித்திய விருது அறிவித்த நாளிலிருந்து போன் ஓயவில்லை. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கூட்டம் வைத்தீர்கள், பொன்னாடை போர்த்தினீர்கள். (பொன்னாடைகளை என்ன செய்வது என்று வீட்டில் கேட்கிறார்கள்.) மேடையில் கிடைத்த நேரம் பெரிய மனிதர்களின் பெயரைச் சொல்லவே போதவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

விமர்சனம் எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரு கதையைத்தான் தூக்கிப் பிடித்தார்கள். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற கொழுந்து மடுவத்தில், தராசுக்கு முன்னால் நடக்கிற கதை. நிறுத்த கொழுந்தில் தண்ணிக்கும் சாக்குக்கும் என்று சில கிலோவைக் கழிப்பார்கள். அந்தக் கழிவால் குறித்த கிலோ எட்டாமல் போய், நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு அரைப்பேர் விழும், பாதிச் சம்பளம். 'நுணுக்கமான அவதானிப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவதானித்தது எங்கள் பெரியம்மா. நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். "முள்ள யாருடா பாத்தா? கணக்கப்பிள்ளை பேனையத்தான் பாத்துக்கிட்டு நிப்போம்" என்றார். கதையில் அதை அப்படியே வைத்தேன். மதிப்புரைகளில் எடுத்துக்காட்டியதும் அந்த வரியைத்தான். பெரியம்மா, அந்தப் பாராட்டு உங்களுடையது.

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டருக்கு அடுத்த நன்றி. 1960களில் வீரகேசரி மலையக எழுத்தாளர்களுக்கென்று சிறுகதைப் போட்டி நடத்தியதையும், லயத்துப் பிள்ளைகள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள்) பலர் அதில் எழுத வந்ததையும் அவர் சொல்லித்தான் கேட்டேன். கதையில் அழுகை கொஞ்சம் கூடினாலும் சிவப்பு மையால் கோடு போட்டுவிடுவார். "கண்ணீர வாசிக்கிறவன் விடட்டும், நீ விடாதே" என்பார்.

2013இல் எங்கள் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் ஐயாவுக்குத் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். அதற்கு முன் அது இலங்கை எழுத்தாளர் யாருக்கும் போனதில்லை. விருது வந்தால் வெளியில் இருப்பவர்கள் ஒரு தரம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். புத்தகத்தைத் திறந்து வாசிப்பது வேறு வேலை. அதனால் யாழ்ப்பாணத்திலிருந்து நீண்ட கடிதம் எழுதிய நண்பருக்குத் தனி நன்றி. கடைசிக் கதை தேவையே இல்லை என்கிறார். எனக்கு அது சம்மதமில்லை. ஆனாலும் கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டல்லவா சண்டைக்கு வருகிறார்!

சரி, காசு விஷயம். 2022 பொருளாதார நெருக்கடியில் கடதாசி விலை எகிறி, பேப்பர்காரர்களே பக்கத்தைக் குறைத்த காலத்தில்தான் என் கையெழுத்துப் பிரதி முடிந்தது. இங்கே புத்தகம் போடுகிறவர் பெரும்பாலும் கைக்காசைத்தான் போட வேண்டும். கொழும்பில் கடைகளில் நிற்கும் எங்கள் தோட்டத்துத் தம்பிமார் சம்பளத்தில் பிடித்து அனுப்பினார்கள். எவ்வளவு என்று எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், எழுதவில்லை. ஹட்டன் மல்லிகைப்பூச் சந்திப் பக்கம் அச்சகம் வைத்திருக்கும் அண்ணன் பாதிக் காசைக் கடனாக விட்டு அச்சடித்துத் தந்தார். விருதுச் செய்தி வந்த அன்றும் வாழ்த்தினாரே தவிர, பாக்கியைப் பற்றி மூச்சு விடவில்லை.

அண்ணே, பரிசுக் காசோலை கைக்கு வந்துவிட்டது. வங்கியில் மாறியதும் முதலில் உங்கள் கடைக்குத்தான் வருவேன். அப்புறம் இரண்டாம் பதிப்பைப் பற்றிப் பேசுவோம், இந்த முறை கடன் இல்லாமல்.